கிராஞ்சிக் கரையில் சிக்கிய நண்டுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு பேரனுடன் நம் சிங்கப்பூரின் கிராஞ்சிச் சதுப்புக் கரைக்குப் போனேன். யாரோ விட்டுப்போன மீன்வலையில் நான்கு குதிரைலாட நண்டுகள் சிக்கிக் கிடந்தன. ஒன்று செத்துவிட்டது. மற்ற மூன்றையும் வலையை அறுத்து நீரில் விட்டோம். மனம் ஆறவில்லை, எழுதுகிறேன்.

துவாஸில் ஊசிமருந்து தயாரிக்கும் ஆலையின் ஆய்வகத்தில் 19 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். மருந்தில் கிருமி நஞ்சு இருக்கிறதா என்று இந்த நண்டின் இரத்தத்தை வைத்துத்தான் அங்கே சோதிப்போம். "கொதிக்க வைத்தால் கிருமி செத்துவிடுமே தாத்தா, அப்புறம் என்ன சோதனை?" என்றான் பேரன். கிருமி சாகும். ஈ.கோலை போன்ற பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் இருக்கும் எண்டோடாக்சின் அழியாது. சர்க்கரையும் கொழுப்பும் பிணைந்த பொருள் அது. கிருமி கொல்லும் அழுத்தக் கலமான ஆட்டோகிளேவின் 121 டிகிரி நீராவிக்கும் அசையாது. கண்ணாடிக் குப்பிகளை 250 டிகிரி உலர்சூட்டில் அரைமணி நேரம் வைத்துத்தான் ஒழிப்போம். ஊசி வழியாக இரத்தத்தில் கலந்தால் காய்ச்சல், குளிர்நடுக்கம். அளவு கூடினால் இரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம்.

நஞ்சு இருப்பது எண்டோடாக்சினின் 'லிப்பிட் ஏ' பகுதியில். இரண்டு சர்க்கரைகள், அவற்றில் தொங்கும் கொழுப்பு வால்கள். ஈ.கோலைக்கு வால் 6. நம் உடல் அதைக் கண்டதும் சண்டைக்குக் கிளம்பிவிடும். பிளேக் கிருமியோ நம் உடல் சூட்டில் பெரும்பாலும் 4 வால் உள்ளதைச் செய்து, கண்ணில் படாமல் நழுவிவிடுகிறது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

குதிரைலாட நண்டின் நீல இரத்தம் எண்டோடாக்சின் பட்டால் உறையும். அமெரிக்க நண்டின் இரத்த அணுச் சாற்றை மருந்துடன் கலந்து, 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, குழாயைத் தலைகீழாகக் கவிழ்ப்போம். கட்டி வழுக்காமல் நின்றால் அந்த மருந்து ஆலையைத் தாண்டாது.

நண்டைக் குத்தாமல் இதைச் செய்ய வழி கண்டது நம் ஊர்தான். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டிங் ஜெக் லிங், ஹோ போ இருவரும் 1990களில் நம் சதுப்புநிலக் குதிரைலாட நண்டின் இரத்தத்தில் எண்டோடாக்சினை உணரும் புரதமான 'ஃபேக்டர் சி'யின் மரபணுவைப் பிரித்து, அந்தப் புரதத்தை ஆய்வகத்திலேயே உருவாக்கினார்கள். 2021 முதல் ஐரோப்பிய மருந்துத் தர நூலிலும் அதற்கு இடம் உண்டு. இதை உங்கள் மாணவர் பக்கத்தில் அவசியம் எழுதுங்கள்.

மீன் பிடிக்கும் அன்பர்களே, வலையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். நண்டு சிக்கியிருந்தால் வாலைப் பிடித்து இழுக்க வேண்டாம். ஓட்டின் இரு பக்கமும் பிடித்துத் தூக்கி நீரில் விடுங்கள்.

ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளர்,
மார்சிலிங்