நிலவில் எதுவும் மாறவில்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் சிறுவர் பக்கத்தில், "நிலவில் காற்றும் மழையும் இல்லை, அதனால் பாறைகள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அப்படியே இருக்கின்றன" என்று போட்டிருந்தீர்கள். கோயில் மண்டபத்தில் நான் நடத்தும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஒரு பையன் இதை உரக்கப் படித்துவிட்டு, "அப்போ நீங்க சொன்னது பொய்யா டீச்சர்?" என்று கேட்டான்.

நிலவின் தரை மெல்ல மாறிக்கொண்டே இருக்கிறது என்று சொல்லி, அந்தப் பிள்ளைகளுக்கு முழுநிலவை பைனாகுலரில் காட்டியிருக்கிறேன். நிலவின் தென்பகுதியிலுள்ள டைக்கோ என்ற பள்ளத்திலிருந்து நாலாபக்கமும் ஓடும் வெள்ளைக் கோடுகளை அவர்களே கண்டுபிடித்தார்கள். சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு விண்கல் மோதி வாரி இறைத்த பொடி அது. நிலவின் கணக்கில் புதுசு, அதனால்தான் அந்த வெளுப்பு. அதைவிடப் பழைய பள்ளங்கள் பலவற்றில் இந்தக் கோடுகள் மங்கி மறைந்தே விட்டன. காரணமே காற்று இல்லாததுதான். தடுக்க ஒன்றுமில்லாததால் சூரியனிலிருந்து வரும் ஹைட்ரஜன் அணுக்கருக்களும் தூசி அளவிலான விண்கற்களும் நேராகத் தரையைத் தாக்குகின்றன. மண் உருகி, ஆவியாகி, பக்கத்துத் துகள்கள்மேல் படலமாகப் படிகிறது. அதற்குள் கண்ணுக்கே தெரியாத இரும்புத் துணுக்குகள். அவைதான் தரையைக் கறுக்க வைக்கின்றன, கொஞ்சம் சிவக்கவும் வைக்கின்றன. அப்பல்லோ வீரர்கள் கொண்டுவந்த பாறையைப் பொடித்துப் பார்த்தபோது, அந்தப் பொடி நிலவின் மண்ணைவிட வெளிறியிருந்தது. இட்டோகாவா என்ற குறுங்கோளிலிருந்து ஜப்பானின் ஹயபூசா விண்கலம் 2010-இல் கொண்டுவந்த துகள்களிலும் இதே இரும்புத் துணுக்குகள் இருந்தன. இதெல்லாம் தாங்கள் அறியாததல்ல.

அப்புறம், அந்தப் பக்கத்துப் படம். அதில் டைக்கோ கீழே இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில், நம் டர்பனில் நிலவு உச்சிக்கு வரும்போது அது மேல்பக்கம் இருக்கும். பூமியின் வடபாதியில் இருப்பவர்களுக்கு எழுதியதை அப்படியே எடுத்துப் போட்டால் நம் பிள்ளைகள் எந்த வானத்தைப் பார்ப்பது? முன்பு முழுப் பக்கம் வந்த அறிவியல் இப்போது ராசிபலனுக்குக் கீழே ஒரு மூலையில் கிடக்கிறது. கிரகணத்தன்று கர்ப்பிணிகள் வெளியே வரக்கூடாது என்று நீங்கள் எழுதியபோது நான் அனுப்பிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. நம் நாட்டிலேயே, சதர்லாந்தில், 2005 முதல் சால்ட் என்ற பெரிய தொலைநோக்கி இருக்கிறது. அதைப் பற்றி உங்கள் இதழில் ஒரு வரியும் நான் பார்த்ததில்லை.

என் அப்பா காலத்திலிருந்து சந்தா கட்டும் வீடு எங்களுடையது. இங்கே ஒரு பிள்ளையைத் தமிழில் படிக்க வைக்க எவ்வளவு கெஞ்ச வேண்டியிருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். அப்படிப் படித்த பிள்ளையிடம், தமிழில் அச்சானதை நம்பாதே என்று நானே சொல்ல வேண்டியதாயிற்று. அதுதான் ஆறவில்லை.

அடுத்த இதழில், அதே பக்கத்தில், இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். படத்தையும் திருப்பிப் போடுங்கள். கட்டுரை வேண்டுமென்றால் நானே எழுதித் தருகிறேன், பணம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை,
சாட்ஸ்வொர்த், டர்பன்.