பாலி பெவிலியன்ல பக்கத்து சீட்டுல உக்காந்தவங்களுக்கு ஒரு நன்றி மடல்

எல்லாருக்கும் வணக்கம்ங்க.

ஏழு வருஷம் இழுத்தடிச்சு ஒரு வழியா தீசிஸ் முடிஞ்சு பெட்டியும் கட்டியாச்சு. கைடு, கமிட்டி, அம்மா, அப்பா எல்லாருக்கும் நன்றி சொல்ற பக்கம் தீசிஸ்லயே வந்திருச்சு. அதுல சேக்க முடியாத ஒரு கூட்டம் இருக்கு, அவங்களுக்குத்தான் இது. நான் படிச்ச யூசிஎல்ஏ (லாஸ் ஏஞ்சல்ஸ்ல இருக்குற கலிஃபோர்னியா யூனிவர்சிட்டி) ஆண்கள் வாலிபால் டீமோட கதைய எனக்கு சொல்லிக் குடுத்தவங்க. ரெண்டு வருஷமா ஊர்ல நம்ம கிளப் பசங்க வாட்ஸ்அப் குரூப்ல நான் துண்டு துண்டா எழுதிப் போட்டேனே, "அண்ணே அடுத்த பார்ட் எப்ப"ன்னு கேட்டு உசுர வாங்குனீங்களே, அதுல என் சொந்தச் சரக்குன்னு பெருசா ஒண்ணும் கிடையாது, எல்லாம் இவங்க குடுத்ததுதான்.

முதல்ல அந்தப் பெரியவர். பேர் போட மாட்டேன், அவருக்குப் புடிக்காது. 2019 ஜனவரியில ஒரு ராத்திரி, லேப்ல எதுவும் வேலைக்கு ஆகலன்னு கடுப்புல சும்மா எங்க காலேஜ் இண்டோர் ஸ்டேடியம் பாலி பெவிலியனுக்குள்ள மேட்ச் பாக்கப் போனேன். 13,000 பேருக்கு மேல உக்காரலாம், அன்னைக்கு முக்காவாசி சேர் காலி. ஒரு பெரியவர் மடியில நோட்டு வெச்சுக்கிட்டு பென்சில்ல என்னமோ எழுதிக்கிட்டே இருந்தாரு. எட்டிப் பாத்தா ஒவ்வொரு பாலுக்கும் ஒரு கோடு, சர்வீஸ் தப்பா போனா சின்னதா ஒரு வட்டம், பிளாக்ல விழுந்தா பெருக்கல் குறி. பென்சில் வெரல் நீளம்கூட இல்ல, முனை உடைஞ்சா பேனாக்கத்தி எடுத்து சீவிக்கிட்டாரு. "நீ ஆடுவியா"ன்னு கேட்டாரு. ஊர்ல லிஃப்ட் பண்ணுவேன் (ஸ்மாஷ் அடிக்கறவருக்குப் பால தூக்கிக் குடுக்கற வேல), பாயிண்ட் 15, சர்வீஸ் போடுற டீமுக்குத்தான் பாயிண்ட், எதிர் டீம் ஜெயிச்சா சர்வீஸ் மட்டும் கை மாறும்னு எங்க கிரவுண்டு பழைய கணக்க சொன்னேன். மனுசன் பென்சில கீழ வெச்சிட்டாரு. இங்க 2000 வரைக்கும் அதே கணக்குதான்யா, அப்புறம்தான் ஒவ்வொரு பாலுக்கும் பாயிண்ட் வந்துச்சுன்னு ஆரம்பிச்சவருதான், ஆறு சீசன் நிறுத்தவே இல்ல.

கோச் ஆல் ஸ்கேட்ஸ் கதைய அவருகிட்டதான் முதல்ல கேட்டேன். 1963ல இருந்து 2012 வரைக்கும் ஒரே டீம், ஒரே கோச். 1,239 ஜெயிப்பு, 290 தோல்வி, 19 தேசிய பட்டம். ஆனா பெரியவர் நம்பர எல்லாம் கடைசியிலதான் சொன்னாரு. முதல்ல சொன்னது, ஸ்கேட்ஸ் பகல்ல பெவர்லி ஹில்ஸ்ல சின்னப் பிள்ளைங்க படிக்கிற ஸ்கூல்ல வாத்தியாரா வேல பாத்துட்டு அதுக்கப்புறம்தான் காலேஜுக்கு வந்து கோச்சிங் குடுப்பாருன்னு, அதுவும் ஒரு வருஷம் ரெண்டு வருஷம் இல்ல, பல வருஷம். இத குரூப்ல போட்டப்பதான் நம்ம பி.டி. சார், அதுவரைக்கும் ஒரு குட்மார்னிங் படம் தவிர எதுவும் போடாதவரு, மொத தடவையா ரிப்ளை போட்டாரு. "இன்னும் எழுது தம்பி." சார், அந்த மூணு வார்த்தைக்கு தனியா ஒரு நன்றி.

அமெரிக்கா காலேஜ்னா பணம் கொட்டும்னு நெனச்சிருந்தேன். அது ஃபுட்பாலுக்கும் பாஸ்கெட்பாலுக்கும். ஆம்பளைங்க வாலிபாலுக்கு ரொம்ப காலமா ஒரு டீமுக்கு மொத்தமே நாலரை ஸ்காலர்ஷிப்தான்னு விதி இருந்துச்சு. அந்த அரை யாருன்னு நம்ம பசங்க கேட்டாங்க, ஆளு அரை இல்லடா, இருக்கறத இருபது பேருக்கு பங்கு போட்டுக் குடுப்பாங்கன்னு விளக்கம் சொல்றதுக்குள்ள எனக்கு நாக்கு தள்ளிருச்சு.

அடுத்து லைப்ரரி அக்கா. பழைய ஸ்டூடண்ட் பேப்பர எங்க தேடணும், எப்படித் தேடணும்னு பக்கத்துல உக்காந்து காட்டிக் குடுத்தாங்க. "வாலிபால்னு மட்டும் போட்டா ஆயிரம் வரும், வருஷத்தையும் எதிர் டீம் பேரையும் சேத்துப் போடு"ன்னு சொன்னாங்க. அப்படித் தேடித்தான் தொடக்கத்த புடிச்சேன். அமெரிக்கா காலேஜ் விளையாட்ட நடத்துற என்சிஏஏங்கற சங்கம் ஆம்பளைங்க வாலிபாலுக்கு தேசிய போட்டி வெச்சதே 1970லதான். அதுக்கு முன்னாடி 1965லயும் 67லயும் யூசிஎல்ஏ ஜெயிச்ச காலேஜ் பட்டம் ரெண்டும் வாலிபால் சங்கம் நடத்துன போட்டியில, 19ங்கிற கணக்குல அது வராது. முதல் என்சிஏஏ ஃபைனல் எங்கன்னு பாத்தா இதே பாலி பெவிலியன், எதிர் டீம் லாங் பீச் ஸ்டேட். லாங் பீச்சுங்கற பேர ஞாபகம் வெச்சுக்கங்க, திரும்ப வரும். அந்த வருஷம் தொட்டு 76 வரைக்கும் ஏழு பட்டத்துல ஆறு இவங்களுக்கு. நடுவுல 73 மட்டும் சான் டியேகோ ஸ்டேட் தட்டிட்டுப் போயிட்டாங்க.

அந்த முதல் ரெண்டு டீம்லயும் ஆடுன கர்க் கில்கோர் பத்தி பெரியவர் சொன்னப்ப குரல் கொஞ்சம் இறங்கிருச்சு. இத்தாலிக்குப் போயி காசு வாங்கி ஆடுன ஆளு, 1976ல அங்க பயிற்சியில விழுந்து கழுத்துல அடிபட்டு கை கால் வராமப் போச்சு. வீல்சேர்ல இருந்துக்கிட்டே கோச்சிங் குடுத்திருக்காரு, டிவியில வர்ணனை பண்ணிருக்காரு. 2002ல இறந்தாரு. இந்தப் பார்ட்ட எழுதி முடிச்சு அனுப்ப எனக்கு நாலு நாள் ஆச்சு.

இப்ப ஒரு மன்னிப்பும் நன்றியும் சேத்து. இந்த டீம்ல கார்ச் கிராய்னு ஒருத்தர் நாலு வருஷம் ஆடி நாலு பட்டமும் ஜெயிச்சாருன்னு நான் கெத்தா எழுதிப்புட்டேன். ராத்திரி ஒரு மணிக்கு நம்ம குரூப்ல ஒரு தம்பி, பாலிடெக்னிக் ரெண்டாம் வருஷம் படிக்கிறவன், "அண்ணே 1980 ஃபைனல்ல யூஎஸ்சிகிட்ட தோத்துட்டாங்க, 79, 81, 82 மூணுதான்"னு போட்டான். சரிபாத்தா அவன் சொன்னதுதான் கரெக்ட். நான் லாஸ் ஏஞ்சல்ஸ்ல உக்காந்துக்கிட்டு தப்பா எழுதறேன், அவன் ஊர்ல இருந்து திருத்தறான்! தம்பி, நீ நல்லா இருக்கணும்டா. கிராய் நாலு வருஷத்துல தோத்ததே மொத்தம் அஞ்சு மேட்ச், 123 ஜெயிப்பு. லிஃப்டும் பண்ணுவாரு, ஸ்மாஷும் அடிப்பாரு. அப்புறம் 84லயும் 88லயும் இண்டோர்ல ஒலிம்பிக் தங்கம், 96ல பீச் வாலிபால்ல தங்கம்.

ஜெயிச்சதாவே எழுதிக்கிட்டிருந்தா போர் அடிக்கும்னு பெரியவர்தான் 1994அ எழுதச் சொன்னாரு. அதுவரைக்கும் இந்தப் பட்டம் கலிஃபோர்னியாவ விட்டு வெளிய போனதே இல்ல. பென்சில்வேனியாவுல இருந்து பென் ஸ்டேட் வந்து ஃபைனல்ல இவங்களத் தோக்கடிச்சு தூக்கிட்டுப் போயிட்டாங்க. அந்தக் கணக்கு 95 ஃபைனல்லயே தீந்துச்சு, 2006ல இன்னொரு தடவ. சீசன் பாதியில 12 ஜெயிப்பு 12 தோல்வின்னு கெடந்த டீம், அதுக்கப்புறம் வரிசையா 14 மேட்ச் ஜெயிச்சு, ஃபைனல்ல பென் ஸ்டேட்ட அவங்க சொந்த ஜிம்லயே வெச்சு முடிச்சாங்க. ஸ்கேட்ஸோட 19ஆவது, கடைசிப் பட்டம். அவரோட கடைசி சீசன்ல பாலிய புதுப்பிச்சுக்கிட்டு இருந்தாங்க, பாவம், பக்கத்துல இருக்குற சின்ன ஜிம்ல ஆட வேண்டியதாப் போச்சு. இதுல எனக்கு இன்னைக்கும் வருத்தம்தான், பெரியவருக்கு இல்ல. "சின்ன இடம்னா சத்தம் நல்லா கேக்கும்"னாரு.

அப்புறம் லேப் பசங்க. கொரோனாவுல 2020 சீசன பாதியிலயே நிறுத்தி எல்லாரும் அவங்கவங்க ரூம்ல முடங்கிக் கெடந்தப்ப பழைய மேட்ச் வீடியோவ ஒண்ணா ஓட விட்டு அரட்டை அடிச்சது இவங்கதான். 2023 ஃபைனல் வர்ஜீனியாவுல, ஹவாய்கூட. மீட்டிங் ரூம் ப்ரொஜெக்டர்ல போட்டுப் பாத்தோம், 3-1, 17 வருஷத்துக்கப்புறம் 20ஆவது பட்டம். கோச் ஜான் ஸ்பீராவும் ஸ்கேட்ஸ்கிட்ட ஆடுன ஆளுதான், 93லயும் 95லயும் ஜெயிச்ச டீம்ல இருந்தவரு.

கார் குடுத்த ரூம்மேட்டுக்கு தனி நன்றி, ஏன்னா 2024 மே மாசம் லாங் பீச்சுக்குப் போனது அவன் கார்லதான், திரும்பி வர்றப்ப பெட்ரோல் காசுகூட வாங்கல. அங்க ஸ்டேடியமே நீல கலர்ல ஒரு பிரமிட். அதுக்குள்ள லாங் பீச் ஸ்டேட்டுக்கு எதிரா ஃபைனல், சுத்தி உக்காந்திருக்கிறதெல்லாம் அவங்க ஆளுங்க. 2018ல இதே லாங் பீச், பாலிக்கே வந்து ஃபைனல்ல அஞ்சாவது செட்ல ஜெயிச்சிட்டுப் போனவங்க. நான் அப்ப இன்னும் வந்து சேரல, ஆனா அந்தத் தோல்விய பெரியவர் வாயால எத்தன தடவ கேட்டிருப்பேன். இந்தத் தடவ அவங்க வீட்டுல வெச்சு 3-1. கடைசி பால் தரையில விழுந்ததும் பெரியவர் கத்தல, எந்திரிக்கல, நோட்ட மூடி பென்சில சட்டப் பையில வெச்சாரு, அவ்வளவுதான். கீழ எல்லாரும் குதிச்சுக்கிட்டு இருக்காங்க, இவரு பஸ் டைம் பாக்கறாரு. நாங்கதான் வற்புறுத்தி கார்ல ஏத்திக் கூட்டிட்டு வந்தோம்.

அதோட ஸ்பீரா அமெரிக்க வாலிபால் சங்கத்துக்குத் தலைவராப் போயிட்டாரு, இங்க ஜான் ஹாக்ஸ் வந்தாரு. ஸ்பீரா இங்க இருந்தப்பவே கூடவே பாத்துட்டு விட்டுட்டுப் போன அமெரிக்க ஆண்கள் டீம் கோச் வேலைக்கு வந்தது யாருன்னு பாத்தா நம்ம கார்ச் கிராய். சுத்திச் சுத்தி அதே ஜிம்மோட ஆளுங்கதான்! 2025 ஃபைனல் ஒஹாயோவுல, மறுபடியும் லாங் பீச், 3-0ல வாங்கிக் கட்டிக்கிட்டோம். அன்னைக்கு தீசிஸ் திருத்தம் பண்ணிக்கிட்டே லேப்டாப் ஓரத்துல பாத்தேன், அதுக்காக யாருக்கும் நன்றி சொல்ல முடியாது.

கிளம்பறதுக்கு முந்தின வாரம் பெரியவரைப் பாக்கப் போனேன். நம்ம குரூப்ல போட்டத எல்லாம் பிரிண்ட் எடுத்துட்டுப் போயிருந்தேன். தமிழ் அவருக்கு ஒரு எழுத்து தெரியாது. ஆனா நம்பர் தெரியுமே, வருஷத்தையும் ஸ்கோரையும் வெரல வெச்சுத் தடவிக்கிட்டே வந்தவரு ஒரு எடத்துல நிறுத்தி பென்சிலால ஒரு குட்டி வட்டம் போட்டாரு. 1,239க்கு பதிலா 1,293ன்னு அடிச்சிருந்தேன்.

இப்ப அங்க படிக்கிற, இல்ல இனிமே போகப்போற நம்ம பசங்க யாராவது இதப் படிச்சா, சீசன் ஜனவரியில ஆரம்பிக்கும், போயி அவரு பக்கத்துல உக்காருங்க. கையில நோட்டும் துண்டு பென்சிலும் பாத்தாலே தெரிஞ்சிரும். அவருக்கு வலது காது சரியா கேக்காது, நான் அது தெரியாம ஒரு மாசம் அந்தப் பக்கம் உக்காந்து பேசிக்கிட்டு இருந்தேன். இடது பக்கமா உக்காருங்க.