கல்லறைத் தோட்டத்தில் கேமராவுக்கு அனுமதி கேட்டு

மதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களுக்கும் கல்லறைத் தோட்டக் குழுவினருக்கும்,

தோத்திரம்.

வாசலில் ‘புகைப்படம் எடுக்கத் தடை’ என்று பலகை மாட்டியிருக்கிறீர்கள். காரணம் புரியாமல் இல்லை. போன கல்லறைத் திருநாளில், மெழுகுதிரி ஏற்றி அழுதுகொண்டிருந்த ஒரு தாயின் முகத்துக்கு நேரே போனை நீட்டி யாரோ ரீல்ஸ் எடுத்ததை நானும் பார்த்தேன். அது நிற்கத்தான் வேண்டும். ஆனால் நவம்பர் 2 அன்று அத்தனை கூட்டத்தில் யார் போனை யார் பிடுங்குவது? பலகையால் நின்றுபோனது, ஆளில்லாத காலைகளில் பிலிம் கேமராவைத் தூக்கிக்கொண்டு வரும் எங்களைப் போன்ற சிலர்தான். ட்ரைபாடைக் கண்டாலே காவலாளி ‘சினிமா ஷூட்டிங்கா?’ என்கிறார்.

ட்ரைபாட் பகட்டுக்கு அல்ல. வெளிச்சம் நிறையக் கேட்கும் 100 ஐஎஸ்ஓ பிலிமில், வேப்பமர நிழலில், கல்லெழுத்தும் பின்னால் நிற்கும் சுரூபமும் சேர்ந்து தெளிவாக விழ லென்ஸின் துவாரத்தை எஃப் 16 என்ற சிறிய அளவுக்குச் சுருக்கினால், ஷட்டர் கால் வினாடி திறந்திருக்க வேண்டிவரும். கையில் பிடித்தால் ஆடிவிடும். சதுரப் படம் எடுக்கும் எங்கள் பழைய கேமராக்களில் ஒரு ரோலுக்கு 12 படம்தான். கண்டதையெல்லாம் சுட்டுத்தள்ள முடியாது.

எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்பீர்கள். நம் சம்மனசுகள், கல்லறைகளில் நிற்கும் அந்த வானதூதர் சிலைகள், சிதைந்து போய்க்கொண்டிருக்கின்றன. பளிங்கில் செய்தவை இன்னும் கொஞ்சம் தாங்கும். சிமெண்டில் வார்த்தவை தாங்காது. உப்புக்காற்று சிமெண்டுக்குள் இறங்கி உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு கம்பியைவிட அதிக இடம் கேட்கும், சிமெண்ட் பிளக்கிறது. முதலில் இறக்கை நுனி, அப்புறம் விரல்கள். போதாததற்கு வருடம் தவறாமல் எனாமல் பெயிண்ட். வியாகுல மாதாவின் கண்ணிமை இப்போது அத்தனை பூச்சுக்கும் அடியில் எங்கோ இருக்கிறது. (கோபப்பட வேண்டாம், பெயிண்டுக்குக் காசு கொடுத்தவர்களில் என் பெரியப்பாவும் உண்டு.)

1905-ல் ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி மதராஸ் மாகாணத்துக் கல்லறை வாசகங்களைத் தொகுத்து வெளியிட்டார். அதில் இருப்பவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். தெற்காசியாவில் உள்ள அவர்களுடைய கல்லறைகளைக் கவனிக்க 1976-லேயே இங்கிலாந்தில் சங்கம் வைத்துவிட்டார்கள். தோணி ஓட்டிய நம் தண்டல்களின், படகுக்குச் சொந்தக்காரர்களான சம்மாட்டிகளின் கற்களை யார் எழுதிவைத்தார்கள்?

பழவேற்காட்டில் டச்சுக்காரர் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வாசலில் எலும்புக்கூடுகள் செதுக்கியிருக்கும். அது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அத்துறையின் இடங்களில் ட்ரைபாட் வைக்க முன் அனுமதி வாங்க வேண்டும். அலுப்பான விதிதான், ஆனாலும் விதி. இங்கே எல்லாம் அன்றைக்கு எந்தக் காவலாளி என்பதைப் பொறுத்தது.

நீங்களும் ஒரு விதி போடுங்கள். அடக்கம் நடக்கும்போதும் நினைவுத் திருப்பலி நேரத்திலும் கேமரா வேண்டாம். துக்கத்தில் இருப்பவர் முகம் வேண்டவே வேண்டாம். புதுக் கல்லறை என்றால் குடும்பத்தாரைக் கேட்டாக வேண்டும். எழுத்து தெரிவதற்காகச் சாக்பீஸ் தேய்ப்பதை அடியோடு தடுங்கள், அது கல்லுக்குக் கேடு. காலை வெயில் சாய்வாக விழும்போது மங்கிய எழுத்தும் தானாகப் படிக்க வரும். பங்கு அலுவலகத்தில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் ஒரு சீட்டு, வார நாட்களில் மட்டும். அவ்வளவுதான் கேட்கிறோம்.

எடுக்கிற ஒவ்வொரு படத்திலும் ஒரு பிரிண்ட், கல்லறை எண்ணோடு, உங்களுக்குத் தந்துவிடுகிறோம். நன்றாகக் கழுவிய கறுப்பு வெள்ளை நெகட்டிவ், ஈரமும் வெக்கையும் படாமல் வைத்தால் பேரப்பிள்ளைகள் காலத்துக்கும் இருக்கும்.

இந்த ஆண்டு பெயிண்ட் வேலை அக்டோபர் கடைசி வாரம் தொடங்கும் என்று, கோயில் வேலைகளைக் கவனிக்கும் நம் கோயில்பிள்ளை சொன்னார். வடக்குச் சுவரோரச் சம்மனசுகளுக்கு இதுவரை பெயிண்ட் ஏறியதில்லை; இம்முறை அவையும் பட்டியலில் உண்டாம். அதற்கு முன் பதில் வேண்டும். முடியாது என்றாலும் எழுத்தில் கொடுங்கள், பங்குப் பேரவைக் கூட்டத்தில் பேசிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பங்கின் பிலிம் கேமராக்காரர்கள் சார்பில் ஒருவன்