காலை வழிபாட்டில் ஐந்து நிமிடம்: காஞ்சிபுரம் மாவட்டத் தலைமையாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கு,

வணக்கம். வரும் பிப்ரவரி 24 அன்று காலை வழிபாட்டில் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள் என்று கேட்கவே இந்த மடல். நம் மாவட்டத்துக் கீழ் ஒட்டிவாக்கத்தில் பிறந்த சுபேதார் சுப்பிரமணியன், 1944-ல் உயிர்விட்ட நாள் அது.

'நாட்டுக்காக உயிர் நீத்தார்' என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். பிள்ளைகளுக்கு அது காதில் ஏறாது. நடந்ததைச் சொல்லுங்கள்.

இரண்டாம் உலகப் போர்க் காலம். இத்தாலியில் மிக்னானோ என்ற ஊர். பக்கத்துக் கசினோவில் கடும் போர் நடந்துகொண்டிருந்த மாதம். அன்றைய பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் பொறியாளர் படைப்பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸ் ஆட்கள் கண்ணிவெடி அகற்றிக்கொண்டிருந்தார்கள். வெடியைக் கண்டுபிடிக்கும் கருவியோடு ஒருவர் முன்னே போக, சுப்பிரமணியன் பின்னாலேயே வெள்ளை நாடா போட்டு வழியைக் குறித்துக்கொண்டு வந்தார். முன்னே போனவரின் கால் ஒரு வெடியில் பட்டுவிட்டது. அந்த வகை வெடி மிதித்தவுடன் வெடிக்காது. நான்கு நொடி போலப் பொறுத்து, இடுப்பு உயரத்துக்கு எகிறி, இரும்புக் குண்டுகளை நாலாபக்கமும் சிதறடிக்கும். அதற்குள் தரையோடு தரையாகப் படுத்தால் தப்பிக்க வழியுண்டு. இது அவருக்குத் தெரியாததல்ல, அவருடைய வேலையே அதுதான். அவர் படுத்தார், வெடியின் மேல். கூட இருந்தவர்கள் பிழைத்தார்கள்.

அவருக்கு ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீரப் பதக்கம் தந்தார்கள். எதிரியோடு நேருக்கு நேர் மோதியதற்கு விக்டோரியா கிராஸ் என்றால், எதிரி எதிரே இல்லாத இடத்தில் காட்டும் துணிச்சலுக்கு இது. வைஸ்ராய் வேவலிடமிருந்து அவர் மனைவிதான் வாங்கிக்கொண்டார்.

'வெள்ளைக்காரன் பட்டாளத்துக்காரருக்கு நாம் எதற்கு விழா எடுக்க வேண்டும்?' என்று பெரிய வகுப்புப் பிள்ளை யாராவது கேட்கலாம். கேட்கட்டும், நல்ல கேள்விதான். யாருடைய போர் என்பதை வரலாற்று வகுப்பில் எவ்வளவு வேண்டுமானாலும் விவாதிக்கலாம். ஆனால் அந்த நான்கு நொடியில் அவர் காப்பாற்றியது கூட வேலை பார்த்த ஆட்களை. (அந்தப் படைப்பிரிவு வீரர்களுக்கு ராணுவத்தில் இன்றும் 'தம்பி' என்றுதான் பெயர்.)

சிறப்பு விருந்தினர், பொன்னாடை எல்லாம் வேண்டாம். ஒரு மாணவி இதை வாசிக்கட்டும். வெடி மிதிபட்ட இடம் வந்ததும் நிறுத்தி, ஒன்றிலிருந்து நான்குவரை நிதானமாக எண்ணட்டும். அப்புறம் மீதியை வாசிக்கட்டும்.

அன்று விடுமுறையாக இருந்தால் அடுத்த வேலை நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
இந்த மாவட்டத்துக்காரன் ஒருவன்