பாத்ரூமில் விட்டுப்போன டியூப்

அன்புள்ள மகளுக்கு, அம்மா எழுதுவது.

ஆற்றில் தண்ணீர் நன்றாகப் போகிறது. ஆச்சிக்கு முட்டுவலி பரவாயில்லை. ஊர்ச் சேதி அவ்வளவுதான்.

நீ விசுவுக்கு வந்துபோன பிறகு மாடி பாத்ரூமைக் கழுவினேன். சோப்புத் திண்டில் பாதி பிதுக்கிய க்ளோட்ரிமசோல் டியூப் கிடந்தது, அரிப்புக்குப் போடும் க்ரீம். அதைப் பிடித்தபடி வெகுநேரம் படியில் உட்கார்ந்துவிட்டேன். தையிலும் நீ இந்த மருந்துதான் வைத்துக்கொண்டிருந்தாயா?

அந்தக் க்ரீமில் உள்ள எண்ணெய்ப் பசை ரப்பர் ஆணுறையை இளக்கிவிடும். பார்த்தால் தெரியாது, நடுவில் கிழியும். மருந்து போடும் நாளெல்லாம், முடிந்து 5 நாளும், உறையை நம்பாதே. அந்த நாட்களில் சேராமல் இருப்பதே நல்லது. வறட்சிக்கு ஜெல் வேண்டுமென்றால் தண்ணீரில் செய்ததா என்று அட்டையைப் படித்து வாங்கு. அது உறையை ஒன்றும் செய்யாது. தேங்காய் எண்ணெய், வாசலின் இரண்டும் கூடாது. விந்தணுவைக் கொல்லும் ஜெல்லை அடிக்கடி வைத்தால் உள்ளே புண்ணாகும், அதுவும் வேண்டாம். தப்பித்தவறிக் கிழிந்தால் 72 மணி நேரத்துக்குள் அவசரக் கருத்தடை மாத்திரை போட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. க்ரீம் முடிந்த பிறகும் 5 நாள் உறையை நம்பாதே என்றேனே, அதை மறந்துவிடாதே.

இந்த மாடியே உன் சம்பளத்தில் எழுந்தது. தெருவில் யார் கேட்டாலும் சொல்வேன். ஆனால் பன்னிரண்டு நாளாக நீ போனை எடுக்கவில்லை. மாப்பிள்ளைதான் "நல்லா இருக்கா அத்தை" என்கிறார்.

தையில் அன்று "கிழிஞ்சிட்டும்மா" என்று நீ அழுதாய். "ஏட்டி, படிச்சவங்கதானே ரெண்டு பேரும், கவனம் வேண்டாமா" என்றேன். அதைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை? இருபத்தாறு வருஷம் வீடு வீடாக நிரோத் ஆணுறை கொடுத்தவள் நான். எண்ணெய் படக்கூடாது என்று பயிற்சியிலேயே சொல்லித் தந்தார்கள். ஒரு வீட்டிலும் நான் வாய்திறக்கவில்லை. வெட்கம். பொட்டலத்தைக் கையில் திணித்துவிட்டு அடுத்த வாசலுக்குப் போய்விடுவேன். கீழத்தெருக்காரி நாலாவது உண்டாகி வந்து, "நர்ஸம்மா, நீங்க குடுத்ததத்தான போட்டோம்" என்றாள். தேங்காய் எண்ணெய் தடவியதையும் அவளே சொன்னாள். அப்போதும் அவளைத்தான் ஏசினேன். உன் கல்யாணத்துக்கு முந்தின வாரம் உன்னிடம் சொல்ல இரண்டு முறை மாடி ஏறி வந்தேன். நகையைப் பற்றிப் பேசிவிட்டு இறங்கிவிட்டேன்.

தையில் நடந்ததற்கு நீ காரணமில்லை, மாப்பிள்ளையும் காரணமில்லை. இதை அவரிடமும் காட்டு. அரிப்பு இன்னும் விடவில்லையென்றால் லேடி டாக்டரைப் பார், கடையில் கேட்டு நீயாக மருந்து வாங்காதே. போனில் பேச வேண்டாம் என்றால் இரண்டு வரி எழுது.

அம்மா