எத்தனையாவது கட்டம் என்று தலைப்பிலேயே போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திரும்பி வந்த ரத்தப் புற்றுநோய்க்குப் புதிய ஆன்டிபாடி (நோய் எதிர்ப்புப் புரதம்) மருந்து என்று சென்ற வாரம் கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். அது மனிதர்களிடம் செய்யும் முதற்கட்டப் பரிசோதனைதான் என்ற விவரம் கடைசிப் பத்தியில் கிடந்தது. அதைத் தலைப்பிலேயே போடலாமே.

மஞ்சக்குப்பத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு பஸ்ஸில் கடலூர் திரும்புகிறவர்கள் பலர் மருந்துச் சீட்டோடு நேரே கடைக்குத்தான் வருவார்கள். அப்படி வந்த ஓர் அம்மா, உங்கள் செய்தியைக் கத்தரித்துச் சீட்டுக்குள் மடித்து வைத்திருந்தார். மகனுக்கு லுக்கீமியா; கீமோ முடிந்து அடங்கியிருந்தது, மறுபடி வந்துவிட்டது. "இந்த ஊசி என்ன வெல ஆகும் தம்பி? நகைய வச்சாவது வாங்கிடுறேன்" என்றார். கடைக்கே வராத மருந்துக்கு நான் என்ன விலை சொல்வது?

முதற்கட்டத்தில் முக்கியமாகப் பார்ப்பது, எந்த அளவு வரை உடம்பு தாங்குகிறது என்பதை. சிலருக்கு மட்டும், மிகக் குறைந்த அளவில் தொடங்கி, பார்த்துப் பார்த்து ஏற்றுவார்கள். முதலில் சேருகிறவருக்குக் கிடைக்கும் அளவு நோயை அசைக்காமலும் போகலாம். இந்த நிதானத்துக்குக் காரணம் இருக்கிறது. 2006-இல் லண்டனில் டிஜிஎன்1412 என்ற ஆன்டிபாடியை நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த ஆறு பேருக்கு, சில நிமிட இடைவெளியில் அடுத்தடுத்து ஏற்றினார்கள். குரங்குகள் தாங்கிய அளவில் ஐந்நூறில் ஒரு பங்குதான் அது. ஒரு நாளுக்குள் ஆறு பேரும் தீவிர சிகிச்சைப் பிரிவில். உயிர் பிழைத்தார்கள், அது வேறு விஷயம்.

சரி, அதற்காக ஆய்வே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 1997-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரிட்டுக்ஸிமாப், 2014-இல் வந்த பிளினட்டுமோமாப் போன்ற ஆன்டிபாடி மருந்துகள் எல்லாம் இந்தப் படிகளை ஏறி வந்தவைதான். பின்னது நம் உடம்பில் நோயை எதிர்க்கும் டி செல்லை ஒரு பக்கமும் புற்றுசெல்லை மறுபக்கமும் பிடித்து இரண்டையும் நெருங்க வைக்கிறது. படித்தபோது எனக்கே வியப்பாக இருந்தது.

இன்னொன்று. இப்படிச் செய்தி போடும்போது பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தியும் போடுங்கள். ஆய்வில் சேர்ந்தவர் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதனால் சிகிச்சை மறுக்கக் கூடாது. ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் உண்டு என்று மருந்து ஆய்வுக்கான 2019-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. நம் நாட்டில் நடக்கும் மருந்து ஆய்வுகளை சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். கையெழுத்துப் போடச் சொல்லும் படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்கி, வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வரலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மருந்துக்கடைக்காரர் ஒருவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.