கொடைக்கானல் மேல்மலைப் பொதுத்தோட்டத்திலிருந்து

மன்னவனூர், பூம்பாறை, கவுஞ்சிப் பக்கத்து உறவுகளுக்கும் எங்க ஊர்க்காரங்களுக்கும் வணக்கம்.

ஐப்பசி மழையில கல்வரப்பு சரிஞ்சு, பயிரு போயி பொதுத்தோட்டம் என்ன ஆச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். திரும்பச் சொல்ல மனசு வரல. நேத்துதான் கடைசிப் பாத்தியிலயும் பூண்டு ஊனி முடிச்சோம். நகக்கண்ணுல இருக்கற மண்ணு போகறதுக்குள்ள எழுதிடறேன்.

விதைப்பூண்டு மொத்தமும் நனைஞ்சு போச்சுன்னு நாங்க தலையில கை வச்சு உட்கார்ந்திருந்தப்ப, மேலத்தெரு அப்பத்தா ஒருத்தங்க சாக்கோட வந்தாங்க. பேரைப் போட்டா திட்டுவாங்க. எங்க குழுவுல அவங்க இல்ல, தோட்டத்துக் காய்ல ஒருநாளும் பங்கு வாங்கினதில்ல. சாக்குக்குள்ள அவங்க அடுப்புக்கு மேல கட்டித் தொங்கின பூண்டுக்கட்டு, புகையேறிக் கறுத்துக் கிடந்துச்சு. "விதைக்குத்தான் தாயி, குழம்புல போட்டுறாதீங்க"ன்னாங்க.

பூண்டு வைக்கிறவங்களுக்கு இது எவ்வளவு பெருசுன்னு தெரியும். தக்காளி மாதிரி விதை எடுக்க முடியாது, பல்லையே ஊனணும். அவங்க கொடுத்தது அவங்க வீட்டு அடுத்த போகம். 2019-ல புவிசார் குறியீடு வாங்கின மலைப்பூண்டு, சந்தைக்குக் கொண்டுபோயிருந்தா கையில காசு.

பணம் நீட்டினோம், முறைச்சாங்க. "கடன்தான் இது, விளைஞ்சதும் எடை போட்டுக் கொடுங்க"ன்னு சொல்லி, ஆறேகால் கிலோன்னு எங்க சுவத்துலயே கரித்துண்டால எழுதிட்டாங்க. அப்புறம் பொழுதுசாயற வரைக்கும் திண்ணையில உட்கார்ந்து பல் பிரிச்சாங்க. வெளிச்சுத்துப் பெரிய பல்லு விதைக்கு, நடுவுல இருக்கற ஒல்லிப்பல்லு சமையலுக்கு. யாராவது மாத்திப் போட்டா கையில ஒரு தட்டு!

சரிஞ்ச கல்வரப்பைத் தூக்கிக் கட்டின தம்பிங்க, எரு கொட்டிட்டுப் போனவங்க, டீசலோட ஜீப்பு அனுப்பின அண்ணன், காட்டுமாடு இறங்காம ராத்திரி தீ போட்டுக் காவல் இருந்தவங்க, தப்பின கேரட்டையும் கிழங்கையும் வச்சு அத்தனை பேருக்கும் சாம்பார் காய்ச்சின அக்காங்க, எல்லாருக்கும் கும்பிடு.

பங்குனியில வெட்டுவோம். முதல்ல சுவத்துக் கடன் அடையும். அங்கன்வாடிக்கும் தனியா இருக்கற வயசானவங்களுக்கும் போற காய் வழக்கம்போலப் போகும். விதைப்பூண்டுக் கட்டுகளை மட்டும் இனி ஒரே அறையில அடுக்காம வீடுவீடாப் பிரிச்சு அடுப்புக்கு மேல கட்டப்போறோம். பாதிப் பேரு கேஸுக்கு மாறிட்டாங்க, விறகடுப்பு இருக்கற வீடாப் பார்த்துக் கேக்கணும். இப்பவே சொல்லி வைங்க.

ரெண்டு மம்பட்டியும் ஒரு நீல தார்ப்பாயும் எங்ககிட்டயே நிக்குது. யாரோடதோ, வந்து எடுத்துக்கோங்க.

பொதுத்தோட்ட மகளிர் குழு